புளியமரத்தடிக் கார்

என் புகுந்த வீட்டு ஆண்கள் ஓய்வு பெற்றால் ஒரு வருடம் தாங்குவதில்லை. மாமனார் பள்ளிக்கூடச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து, அடுத்த தீபாவளியைப் பார்க்காமல் போனார். என் கணவரின் அண்ணனும் அப்படித்தான். பங்குனியில் ஆபீஸில் மாலை போட்டு அனுப்பினார்கள், தை பிறக்கும்போது வீட்டில் நாங்கள் மாலை போட்டோம். இருவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி நோய் எதுவும் கிடையாது. சும்மா உட்கார்ந்தார்கள், சும்மாவே போய்விட்டார்கள். அதனால் எண்பதுகளின் நடுவில் என் கணவருக்கு ஐம்பத்தெட்டு நெருங்கியபோது, "இனிமே நிம்மதியா இருக்கலாம்ல" என்று தெருவில் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. என் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் பலித்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

அவர் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவர். வயல், வரப்பு, ஓடை, கிணறு எல்லாவற்றையும் அளவு பிசகாமல் சுருக்கித் தாளில் கொண்டுவருவது வேலை. வீட்டிலும் அதே கறார்தான். கொடியில் வேட்டி கோணலாகக் காய்ந்தால் சத்தம், தோசை வட்டம் கெட்டால் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டியவள் நான். ஓய்வு பெற்று வந்ததும் அது நின்றுபோனது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "சரி" என்றார். ஒரு நாள் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன், பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவினார். கடைசி மாதங்களில் அவருடைய அண்ணனும் இப்படித்தான் சாதுவாகிப் போனார் என்று என் ஓரகத்தி எப்போதோ சொல்லியிருந்தாள்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, முதுகில் தட்டிப் பார்த்து, "ஒரு கொறையும் இல்ல. பொழுதுபோக்கா எதாச்சும் பண்ணச் சொல்லுங்கம்மா" என்றார். பொழுதுபோக்கை மருந்துக்கடையில் விற்றால் வேளைக்கு இரண்டாக வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அந்த மாம்பழக் காலத்தில் நத்தத்தில் எனக்கு அண்ணன் முறையான பெரியப்பா மகனின் தோப்புக்குப் போனோம். அங்கே புளியமரத்தடியில் ஒரு பழைய சீமைக் கார் கிடந்தது. அண்ணன் எப்போதோ யாரிடமோ வாங்கி, ஓட்டிச் சலித்து, மரத்தடியில் விட்டது. சக்கரம் பாதி மண்ணில் புதைந்திருந்தது. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என் கணவர் அதைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றி வந்தார். பிறகு அண்ணனிடம் டேப் வாங்கிக்கொண்டு அதன் அடியில் படுத்துவிட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரவில்லை. "சோறு ஆறுதுங்க, வெஞ்சனமெல்லாம் எடுத்து வச்சாச்சு" என்று நான் போய் நின்றேன். "செத்த நேரம் இருக்க விட மாட்டியா" என்று காருக்கு அடியிலிருந்து எரிந்து விழுந்தார். கேட்க எனக்கு இனித்தது. அண்ணி பக்கத்தில் இருந்ததால் முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் திரும்பும்போது மடியில் அளவு குறித்த தாளை வைத்து எண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் என் முறுக்கு டின் காணாமல் போனது. அடுத்து பிஸ்கட் டின், எண்ணெய் டின். தகரத்தை வெட்டி, வளைத்து, ஈயத்தால் பற்றவைத்து அந்தக் காரையே பத்தில் ஒரு பங்காகச் செய்ய ஆரம்பித்தார். எங்கள் சந்து முனையில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர் பித்தளைத் துண்டுகளும் தேய்ந்த அரங்களும் கொடுத்தார். பித்தளை விளக்குகளாகவும் கைப்பிடிகளாகவும் மாறியது. பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று போய்விட, காலியாகக் கிடந்த முன்னறையில் நாள் முழுக்க அரத்தால் ராவுகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் இருந்தபடி அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரம் நின்றால் கரண்டியோடு எட்டிப் பார்ப்பேன்.

அந்தச் சின்னக் காரின் சீட்டுக்கு உறை தைப்பது என் பொறுப்பு என்றார். என் பழைய சுங்குடிச் சேலையின் முந்தானையில் ஒரு துண்டு வெட்டித் தைத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இந்தப் புள்ளிய நெசக் கார் அளவுக்குக் கணக்குப் பண்ணிப் பாரு. ஒவ்வொண்ணும் ஊத்தப்பம் அம்புட்டு இருக்கும்."

"அப்ப கடுகுல புள்ளி வச்ச சேலையா நெய்யச் சொல்லுங்க. சின்னாளபட்டி இங்கதான இருக்கு" என்றேன். கடைசியில் புள்ளி இல்லாத கரையைப் பார்த்து வெட்டி வேறு தைத்தேன்.

மாடல் முடிந்ததும் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து நத்தத்துக்கு எடுத்துப்போய் அண்ணனிடம் காட்டினார். அப்படியே நிஜத்தையும் கேட்டார். "எடுத்துக்கங்க மாப்ள. கோழிக்குத்தான் வேற வீடு கட்டணும்" என்று அண்ணன் சிரித்தார். தோப்புக்குள் லாரி வராது. அதனால் அங்கேயே பிரித்தார்கள். சக்கரம், கதவு, என்ஜின், அடிச்சட்டம், மேல்கூடு என்று ஒவ்வொன்றாக மாட்டுவண்டியில் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து லாரியில் ஊருக்கு வந்தது. எங்கள் வீடு இருப்பது ஒரு சந்தில். எதிரே ஒரு சுருட்டு கோடவுனின் நீளச் சுவர். மேல்கூட்டைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்கள் கேட்டுக்குள் நுழைத்தபோது, மழை வந்தால் துணி காயப்போட எனக்கிருந்த ஒரே தகரக் கொட்டகையும் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். எந்தப் பாகத்தையும் நேராகத் தொட மாட்டார். மாடலில் இருப்பது வெளித்தோற்றம்தான் என்று, முதலில் தகரத்தில் அதை வேலை செய்கிற மாதிரியே சின்னதாகச் செய்வார். மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி செய்வார். அது சரியாக வந்த பிறகுதான் பெரியதன் துருவைச் சுரண்டவே உட்காருவார். ஒரு கதவுக்கு ஒரு மழைக்காலம் போனது.

"நெசக் கதவு மூலையில கெடக்கு. நீங்க தீப்பெட்டிக்குக் கீல் வச்சுக்கிட்டு இருக்கீக" என்று ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"சின்னதுல தப்பு பண்ணா டின்னு போகும். பெருசுல பண்ணா கதவே போகும். ஒனக்கு என்ன அவசரம்" என்றார்.

எனக்கு அவசரம் இல்லைதான். ஆனால் துணி காய இடம் வேண்டுமே. இப்படித் தினமும் முட்டிக்கொண்டோம். நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் திட்டினார். அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் நிறைந்த அன்று, என்ஜின் பலகையின் மேல் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. நான் காரணம் சொல்லாமல் பாயசம் வைத்தேன். அவரும் என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. கிரீஸ் கையோடு வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மனசுக்குள் கிடந்த கல்லில் பாதி அன்றைக்கு இறங்கியது.

அடுத்த பொங்கல் கழிந்து கார் முடிந்தது. கரும்பச்சைப் பெயிண்டில் புதுப்பெண் மாதிரி நின்றது. என்ஜினைக் கிளப்பியபோது சந்தே கூடிவிட்டது. ஆபீஸ் ஜீப்பை வருடக்கணக்காக ஓட்டியவர், சலவை வேட்டியோடு ஏறி உட்கார்ந்து மெல்ல முன்னால் விட்டார். கேட்டின் இரண்டு பக்கமும் விரல் அகலம் இடம் விட்டு மூக்கு அழகாக வெளியே வந்தது. பின்பக்கம் கேட்டைத் தாண்டுவதற்கும் மூக்கு எதிர்ச்சுவரை நெருங்குவதற்கும் சரியாக இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தார், பின்னால் எடுத்துப் பார்த்தார். கேட்டின் இரண்டு தூணும் பக்கத்து வீட்டுச் சுவர்களோடு ஒட்டியவை, இடிக்கவும் முடியாது. கார் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

இதை அவர் யோசிக்காமல் இல்லை. அங்கேதான் வேடிக்கை. அட்டையில் கேட்டும் சந்தும் கோடவுன் சுவரும் அளவாக வெட்டி மேஜையில் நிறுத்தி, மாடலை அதற்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். நானும் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். கேட்டைத் தாண்டும்வரை விரலால் தள்ளினார். தாண்டியதும் இரண்டு விரலால் மாடலைத் தூக்கி, மெயின் ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்து, "முடிஞ்சது" என்றார். இருவரும் திருப்தியாகச் சிரித்தோம். தகரக் காரைத் தூக்கித் திருப்பிப் பழகிய கைக்கு, நிஜக் கார் தானாகத் திரும்ப இடம் வேண்டும் என்பது தோன்றவே இல்லை.

காரை உள்ளே எடுத்து நிறுத்திவிட்டு இறங்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். "மறுபடியும் பிரிச்சு வெளியில கொண்டு போய் மாட்டிக்கலாங்க" என்றேன். "சரி" என்றார். காபி கொடுத்தேன். "சரி" என்றார், குடிக்கவில்லை. மறுநாளும் அப்படியே கிடந்தார். வருடம் தாண்டியாயிற்று, தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கெடுவை நானாகத்தான் வைத்துக்கொண்டேன், எமனுக்கு அதில் என்ன சம்பந்தம் என்று அப்போதுதான் உறைத்தது. நல்ல கோபம் வந்தது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தவரை ஒரு கோடவுன் சுவருக்காக விட்டுக்கொடுப்பதா?

வாசலில் நின்று அந்தச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாதா கோயில் சப்பரம் ஞாபகம் வந்தது. வருடா வருடம் திருவிழாவுக்கு அதைத் தோளில் சுமந்து எங்கள் சந்துக்குள் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோவார்கள். காரைவிட நீளம், காரைவிட உயரம். சந்து முனையில் கட்டைகளின் மேல் இறக்கி, நீளத் தண்டுகளை உருவிவிட்டு, குட்டைத் தண்டுகளைக் குறுக்கே கொடுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றித் தூக்கிவிடுவார்கள். தூக்குகிறவர்களுக்கு முன்னால் நின்று குரல் கொடுப்பவர் நம் பூட்டுப் பட்டறைக்காரர்தான். செருப்புக்கூடப் போடாமல் போய் அவரிடம் கேட்டேன்.

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "கனம் எம்புட்டு இருக்கும்க்கா?"

"தெரியாது தம்பி. ஆனா தூக்கியே ஆகணும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆள் கூப்பிடப் போனார். சாயங்காலம் ஆட்களும் தண்டுகளும் வடக்கயிறும் வந்து சேர்ந்தன. காரை ஓசைப்படாமல் தள்ளி, கேட்டைத் தாண்டிச் சந்துக்கு வரும்படி நிறுத்தினார்கள். ஒருவர் முன் மட்கார்டுக்கு அடியில் தண்டைச் செருகினார். தகரம் கிரீச் என்றது.

உள்ளே கட்டில் பலமாக முனகியது. பனியனும் கைலியுமாக அவர் ஓடி வந்தார். "யாரக் கேட்டுக் கை வச்சீக? மட்கார்டுல தண்டு குடுத்தா நசுங்கிப் போகாதா? அடிச்சட்டத்துல குடுங்கய்யா. இந்தப் பக்கம், இந்தப் பக்கம்." பட்டறைக்காரரை ஒதுக்கிவிட்டு இவரே முன்னால் நின்றுகொண்டார். எங்கே எவ்வளவு கனம் என்று அவருக்கு அத்துப்படி. ஆட்களை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றி நிறுத்தினார். என்னைப் பார்த்து, "ஒனக்கு அறிவிருக்கா, ஒரு வார்த்த சொல்ல வேணாமா" என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார். நான் கேட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. பட்டறைக்காரர் திருவிழாவில் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தார். கார் தரையை விட்டு எழும்பி, சந்தின் நடுவில் மெல்லச் சுற்றி, மெயின் ரோட்டைப் பார்த்து இறங்கியது.

மறுநாள் காலையில் என்னை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு ரோட்டில் விட்டார். கதவை ஓங்கிச் சாத்தியதற்கு முதல் திட்டு. செம்பட்டி தாண்டி இரண்டு பக்கமும் வாழையும் தென்னையுமாக வந்தது. தூரத்தில் கொடைக்கானல் மலை தெரிந்தது. காற்று முகத்தில் அடித்தபோது, இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"ஒங்க அண்ணன் மாதிரி ஆயிருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேங்க."

அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். "தெரியும். பாயசம் வச்ச அன்னைக்கே தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கும் அந்தப் பயந்தான். அதான் ஒரு வருஷத்துல முடியாத வேலையாப் பாத்துப் புடிச்சேன்" என்றார்.

எனக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. "கண்ணாடிய ஏத்திக்கிட்டு அழு. ரோட்டுல போறவன் நான் அடிச்சுட்டேன்னு நெனைப்பான்" என்றார்.

மூக்கைச் சிந்திக்கொண்டு, "இப்ப அதுவும் முடிஞ்சுபோச்சே" என்றேன்.

"வத்தலக்குண்டுல ஒரு பழைய வேன் செவுத்தோரமாக் கெடக்காம். அதத்தான் பாக்கப் போறோம்."

"அப்பச் செத்த வேகமாப் போங்க" என்றேன்.