சாம்பிராணியா, ஞாயிற்றுக்கிழமைத் தூசியா

என் மகளுக்கு மூச்சு இழுத்தது சாம்பிராணிப் புகையாலா, நான் கிளப்பிய தூசியாலா? மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கடத்துகிறது. ஒரு புரதம் அடுத்ததைத் தட்டியெழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்பும். அந்தத் தொடரைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்க எங்கள் ஆய்வுக்குழு ஒரு மென்பொருள் உருவாக்குகிறது. அதற்கு உதவிக் குறிப்புகள் எழுதுவதும், பயன்படுத்துகிறவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் போடுவதும் என் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் திருவொற்றியூரிலிருந்து ரயிலில் போவேன். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை.

நான் போகும் நாட்களில் நான்கு வயது மகளைப் பார்த்துக்கொள்பவர் என் அண்ணி, கணவரின் அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறார். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து விற்றுவிட்டு வருவார். ஞாயிறு அவருக்கு வியாபாரம் அதிகம். இருந்தாலும் பதினோரு மணிக்கு வந்துவிடுவார், ஏனென்றால் எண்ணெய்க் குளியல் அவர் உரிமை. தலை துவட்டி, தணலில் சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் இவள் முடியைப் பரப்பிவிடுவார். "அத்தை, மேகம் வருது" என்று இவள் சிரிப்பாள்.

மழைக்காலம் முடிந்ததும் இருமல் தொடங்கியது. பயந்துபோய் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எப்போது இருமினாள், என்ன சாப்பிட்டாள், மணலி ஆலைகளின் நெடி வந்ததா, சாம்பிராணி போட்டார்களா. ஐந்து வாரம் எழுதிய பிறகு, எங்கள் மென்பொருளிலேயே அதை ஏற்றினேன். புகை பட்டால் செல் எரிச்சலடைகிறது, பிறகு மெல்ல அடங்குகிறது என்று ஒரு சின்ன மாதிரி. பொருத்தமான எண்களைத் தானே தேடும் பொத்தானை அழுத்தினேன். கோடு என் புள்ளிகள்மேல் அப்படியே போய் உட்கார்ந்தது.

லேப்டாப்போடு அண்ணியிடம் ஓடினேன். "பாருங்க அண்ணி. ஞாயிறு மத்தியானம் ஏறுது, புதன்கிழமை இறங்குது. சாம்பிராணிதான்."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "இன்னாமே இது, அலையாட்டம் கீது?"

"இவளோட இருமல், அண்ணி."

லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "அப்ப என் கையாலதான் புள்ளைக்கு இழுப்பு வந்துச்சின்றியா?" என்றார். "சர்த்தான். கம்ப்யூட்டரே சொல்லுது, நான் இன்னாத்த சொல்றது."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மார்க்கெட்டில் கூட்டம் என்று சொல்லியனுப்பினார். மற்ற நாட்களில் வந்தார், சோறு ஊட்டினார், கதை சொன்னார். ஆனால் இவள் தலையில் மட்டும் கை வைப்பதில்லை.

குழந்தை மருத்துவர் புகை, தூசி இரண்டையும் விலக்கச் சொன்னார். தணல் சட்டியைப் பரணில் ஏற்றினேன். தூசி தட்டி உதறுவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினேன். இருமல் குறைந்தது. நான் சொன்னது சரிதான் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு மதியம், மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவியின் மின்னஞ்சல் வந்தது. கோடு நன்றாகப் பொருந்திவிட்டது, இந்த எண்ணை நம்பலாமா என்று கேட்டிருந்தாள். வழக்கமான பதிலைத் தட்டினேன். நம்ப வேண்டாம், தேடலை வேறு வேறு எண்களிலிருந்து தொடங்கிப் பாருங்கள், வேறொரு காரணமும் இதே கோட்டைத் தரலாம். உதவிக் குறிப்பில் அந்த வரியை எழுதியவளே நான்தான். கை அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டு விஷயத்தில் நான் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காரணத்தை வைத்துத்தானே தேடினேன்?

நோட்டை எடுத்தேன். ஞாயிறு காலையில் வேறென்ன நடந்தது? ஜன்னல் கம்பியிலும் ஃபேன் இறக்கையிலும் வாரம் முழுக்கப் படிந்த கறுப்புத் தூசியை நான் தட்டுவதும், மெத்தையை உதறுவதும் அன்றுதான். அதை நோட்டில் எழுதவே இல்லை. வீட்டைச் சுத்தம் செய்ததைப் போய் யார் குற்றப்பட்டியலில் எழுதுவார்கள்? தூசியைச் சேர்த்து, சாம்பிராணியை முழுக்க நீக்கிவிட்டு ஓட்டினேன். அதே கோடு வந்தது.

அன்று மாலையே அண்ணி வீட்டுக்குப் போனேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணி, அது நானாவும் இருக்கலாம். நான் தட்டின தூசி. எதுன்னு சொல்லவே முடியலை."

"அன்னிக்கு சொல்லுச்சி, இன்னிக்கு சொல்லலியா உன் கம்ப்யூட்டரு? எனக்காவ நீ பழிய ஏத்துக்காதமே."

"தூசி தட்டாம, ஒரு புதன்கிழமை சாம்பிராணி மட்டும் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்..." சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பார்றா! புள்ள இன்னா எலியா? போ, போய் சோறாக்கு." சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அந்த ஞாயிறும் வரவில்லை.

இப்போது நானே எண்ணெய் தேய்க்கிறேன். சீயக்காய் கண்ணில் போய்விடுகிறது. "அத்தை மாதிரி பண்ணும்மா" என்று இவள் அழுகிறாள். சாம்பிராணி வேண்டாம், அந்தக் கைகள் வந்தால் போதும். உங்கள்மேல் தப்பே இல்லை என்று அடித்துச் சொன்னால் வந்துவிடுவார். ஆனால் அது எனக்குத் தெரியாதே. தெரியாது என்று உண்மையைச் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அவசரப்பட்டு ஒருவரைக் குற்றம் சொல்லி, பிறகு அவரைத் திரும்ப அழைத்திருக்கிறீர்களா? என்ன சொல்லி அழைத்தீர்கள்? பொய் சொல்லாமல் அழைக்க ஒரு வழி இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.