வேப்பெண்ணெய் சோப்பும் பக்கத்து வீட்டுப் புழுக்களும்

எழுபதுகளின் நடுவில், மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் அடுத்த வீட்டு அக்கா பட்டுப்புழு வளர்த்தார். கன்னடம் பேசும் குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கேழ்வரகு விளைந்துகொண்டிருந்த கிணற்றடிக் கொல்லையில் மல்பெரி வைக்க வேண்டும் என்று தன் வீட்டுக்காரரிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் அந்த மனிதர் இறங்கி வந்தார். அதுவும் சும்மா இல்லை. முதல் தடவை புழு ஒழுங்காகக் கூடு கட்டாவிட்டால் செடியைப் பிடுங்கிப் போட்டு ஏர் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

எனக்கு அப்போது சோப்புப் பைத்தியம். மாதர் சங்கத்தில் கிராம சேவிகை ஒரு நாள் எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கலந்து சோப்புச் செய்து காட்டினார். அன்றிலிருந்து எனக்குக் கை நிற்கவில்லை. கடையில் வாங்கிய துணி சோப்பு என் விரல் இடுக்கையெல்லாம் வெடிக்க வைத்திருந்தது. அதன் மேல் தீராத கோபம். ஏரிக்கரை வேப்பமரங்களில் பழம் உதிரும் காலத்தில் கூடை கூடையாகப் பொறுக்கினேன். கொட்டையைக் காயவைத்துச் செக்கில் ஆட்டினேன். எண்ணெய் சோப்புக்கு, பிண்ணாக்கு வயலுக்கு. மரத்துக்கும் கேடில்லை, மண்ணுக்கும் கேடில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் மட்டும், "ஆஸ்பத்திரியில குடியிருக்கற மாதிரி இருக்குது" என்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனால் என் பக்கத்தில் மட்டும் இடம் தாராளமாக இருக்கும். எனக்கென்ன, கை வெடிப்பு ஆறிவிட்டது.

அக்காவின் கையும் வெடித்துத்தான் கிடந்தது. இரண்டு கட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றவரை விடாமல் வற்புறுத்திக் கொடுத்தேன்.

பட்டுப்புழு வளரும்போது நான்கு முறை தீனியை நிறுத்தித் தோல் உரிக்கும். அதை அங்கே ஜொரம் என்பார்கள். நாலாவது ஜொரம் முடிந்து எழுந்துவிட்டால் பிறகு ஒரு வாரம் ராப்பகலாகத் தின்னும். அந்த வாரத்தில்தான் இலை பறித்து மாளாது. அக்காவின் முதல் தடவைப் புழு நாலாவது ஜொரம் எழுந்த மூன்றாம் நாள் காலை, அக்கா வேலியோரம் வந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க வாயேன். புழு வாய் வெக்க மாட்டேங்குது. அஞ்சாவது ஜொரம்னு ஒண்ணு இருக்குதா?"

ஓடினேன். புழு அறையின் மூங்கில் தட்டுகளில் இலை பச்சையாக அப்படியே கிடந்தது. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிவிட்டு, இலையை விட்டு விலகித் தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. அவருடைய வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"தீட்டோட உள்ள போனியா? நெசத்தச் சொல்லு."

"இல்லீங்க. சாமி சத்தியமா இல்லீங்க."

"அப்ப எப்படி? போதும், நாளைக்கே ஏர் பூட்டறேன்."

அக்கா அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் ஒரு இலையை எடுத்து முகர்ந்தேன். வேப்பெண்ணெய். என் வீட்டு வாசனை.

இலை வாடாமல் இருக்க ஈரச் சாக்கு போட்டு மூடி வைப்பது வழக்கம். சுத்தமாக இருக்கட்டும் என்று அக்கா அந்தச் சாக்கை முந்தின நாள் என் சோப்பைப் போட்டுத் துவைத்திருந்தார். கையையும் அதிலேயே கழுவியிருந்தார். அவரைப் பருப்பில் பூச்சி விழக்கூடாது என்று வருஷா வருஷம் வேப்பிலை போட்டு வைக்கிறவள் நான். பட்டுப்புழுவும் பூச்சிதான் என்பது இந்த மண்டைக்கு எட்டவில்லை.

ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்ததும் உண்மை. ஆனால் அந்தத் தீட்டுப் பேச்சு எனக்குச் சுருக்கென்று ஏறியிருந்தது.

"அண்ணா, அக்காவச் சொல்லாதீங்க. என் சோப்புதாங்க. வேப்பெண்ண வாசம் இலையில ஏறிடுச்சு. தப்பு என்னுதுங்க."

அவர் இலையை வாங்கி முகர்ந்தார். "நீ இனிமே இந்த ரூம்ல கால வெக்காதம்மா" என்றார். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நியாயம்தான். ஆனாலும் வலித்தது.

உள்ளேதானே போகக்கூடாது? கொல்லைக்குப் போகலாமே. சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு இலை பறித்து வாசலில் குவித்தேன். அக்கா தட்டுகளைச் சுத்தம் செய்து புது இலை போட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் முணுமுணுத்துக்கொண்டே கொல்லைக்கு வந்தார். பொழுது சாயும்போது சில தட்டுகளில் தின்ன ஆரம்பித்தன. பத்துத் தட்டில் ஆறு தட்டுப் புழு கூடு கட்டியது. செத்துப்போன நாலு தட்டுப் புழுவைக் குழி தோண்டிப் புதைத்தோம். "இன்னொரு தடவ பாக்கலாம்" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

நானும் இன்னொரு தடவை பார்ப்பது என்று முடிவு செய்தேன். புங்க எண்ணெயை முகர்ந்த மாத்திரத்தில் திருப்பி வைத்துவிட்டேன். எங்கள் கடலை எண்ணெயில் மட்டும் செய்ததில் சோப்பு களி மாதிரி குழைந்தது. தேங்காயெண்ணெய் சேர்த்ததும் கட்டி இறுகியது. வரப்பில் விளைந்த ஆமணக்கின் எண்ணெய் கொஞ்சம் விட்டதில் நுரை நின்றது. மணத்துக்கு ஏதாவது போடக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு மாசம் காயவைத்தேன். முகர்ந்தால் ஒன்றுமே தெரியாத சோப்பு. நான் செய்ததிலேயே பகட்டில்லாதது அதுதான்.

அடுத்த புழு நாலாவது ஜொரம் எழுந்ததும் கட்டியோடு போய் வாசலில் நின்றேன். அக்கா கட்டியைத் திருப்பித் திருப்பி முகர்ந்தார். உள்ளே போய் ஐந்து புழுக்களை ஒரு முறத்தில் எடுத்துவந்து வைத்தார்.

"கை கழுவிட்டு நீயே இலை போடு."

போட்டேன். ஒரு புழு தலையைத் தூக்கியது. மாதாவே என்று நான் மனசுக்குள் கத்தினேன். அது குனிந்து இலை ஓரத்தைக் கடித்தது.

"தின்த்து கணே! தின்த்து!" அக்காவுக்குச் சந்தோஷத்தில் கன்னடம்தான் வந்தது. தின்றுவிட்டதாம்.

அண்ணன் அவசரப்படவில்லை. விடியட்டும் என்றார். மறுநாள் காலையில் போனால் முறத்தில் காம்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஐந்தும் கொழுகொழுவென்று அடுத்த இலைக்குக் காத்திருந்தன. அண்ணன் என் சோப்பை எடுத்துத் தன் கையைக் கழுவினார். இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவர், நான் வாசலிலேயே நிற்பதைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயே நின்னா எப்படிம்மா? பத்துத் தட்டுக்கு இலை போடணும், உள்ள வா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா நகர்ந்து வழிவிட்டார்.