மேட்டுக்கு ஏறிய தண்ணீர்

வெண்டல் ப்ரூபேக்கர் தன் வாழ்நாளில் செய்த ஒரே வேலை காத்திருந்தது. குரோம் பட்டறை அவன் அப்பா கட்டியது. வீடு மாமனார் கொடுத்தது. சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடக்கும்போது தட்டு நிறைய வறுவலை அள்ளிக்கொண்டு, "உழைப்புதான்ப்பா எல்லாம்" என்பான். எனக்கு மீன் தொண்டையிலேயே நின்றுவிடும். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். உழைப்பு என்றால் என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

எங்கள் பெல்மிராவில் அவன் பட்டறை இருப்பது சரிவின் நடுவில். மேலே, மேப்பிள் மரங்களுக்குள், அவனுடைய வெள்ளை வீடு. கீழே கால்வாய்த் தெரு. அங்கேதான் நானும், எனக்கு அடுத்த வீட்டில் டோலோரஸ் நோவாக்கும் இருக்கிறோம். நகராட்சிக் குழாய் ரயில் பாதையைத் தாண்டவில்லை என்பதால் மேலேயும் கீழேயும் எல்லாருக்கும் அவரவர் கிணற்றுத் தண்ணீர்தான். பெருமழை பெய்தால் எங்கள் நிலவறைகள்தான் நிரம்பும். சரிவு எந்தப் பக்கம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கார் பம்பருக்குக் குரோம் பூசுமுன் பிசுக்கை எடுக்க, தித்திப்பாக மணக்கும் ஒரு விஷத் திரவம் உண்டு. வேலை முடிந்ததும் அந்த அழுக்கைப் பட்டறைக்குப் பின்னால் ஒரு குழியில் கொட்டுவார்கள். டோலோரஸின் கணவன் ஸ்டான் அங்கே வேலை பார்த்தவன். முதலாளி கொட்டச் சொன்னான், அவனும் வாளி வாளியாகக் கொட்டினான்.

பிறகு மாநிலம் சட்டம் போட்டது. நல்ல மண் தெரியும்வரை கெட்ட மண்ணைத் தோண்டி எடுக்காமல் இப்படிப்பட்ட இடத்தை யாரும் விற்கக் கூடாது என்றது. வெண்டல் என்ன செய்தான்? விற்கவே இல்லை. ஆட்களை அனுப்பிவிட்டுப் பட்டறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"விக்கிறவன்தானே தோண்டணும்? நான் எங்க விக்கிறேன்?" என்று உணவகத்தில் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். சுற்றி இருந்த மண்டூகங்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தன. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் சாமர்த்தியம்.

வேலை போன பிறகும் ஸ்டானுக்கு அவன்மேல் மரியாதை குறையவில்லை. சனிக்கிழமைகளில் வெண்டல் கீழே இறங்கி வருவான். டோலோரஸின் சமையலறையில் ஸ்டான், அவன், நான் மூவரும் சீட்டு ஆடுவோம். தன் பீரைத் தானே கொண்டுவருவான். டோலோரஸ் காபி கொடுத்தால், "வேணாம் தாயே, வயித்துக்கு ஆகாது" என்று தள்ளிவிடுவான். ஸ்டானோ ஆட்டத்தின் சூட்டில் குழாயைத் திறந்து கிளாஸ் கிளாஸாகத் தண்ணீர் குடிப்பான். வெண்டல் எதிரே உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருப்பான்.

சில வருடங்களில் தலைநகரத்து ஆட்களுக்கு அலுத்துவிட்டது. தோண்ட யாரும் முன்வராததால் சட்டத்தை மாற்றினார்கள். மண்ணை எடுக்க வேண்டாம், தார் போட்டு மூடினால் போதும். ஆனால் பூமிக்கு அடியில் அழுக்கு எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கத்து வீடுகளுக்கு இடத்துக்காரன் தன் செலவில் நகராட்சிக் குழாயை இழுத்துத் தர வேண்டும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லும் நிபுணரையும் அவனே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். திருடனைக் கூப்பிட்டு, என்னென்ன காணாமல் போனது என்று எழுதித் தரச் சொன்ன மாதிரி.

நிபுணர் வந்தார். சேறு படாத பூட்ஸ். பட்டறையிலிருந்து ஒரு நீல அம்பை வரைந்தார். அம்பு மேட்டைப் பார்த்து ஏறி, வெண்டலின் வீட்டு வாசலில் போய் நின்றது. அடியில் பாறை அந்தப் பக்கம் சாய்கிறதாம். கால்வாய்த் தெருவுக்கு ஒரு சொட்டும் வராதாம். வெண்டல் தன் வீட்டுக்குத் தானே குழாய் இழுத்துக்கொள்ள வேண்டியது, அதுவும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் செலவே இல்லை. எங்கள் காதில் பூக்கடையையே வைத்தார்கள்.

பள்ளி விளையாட்டுக்கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, பொதுமக்கள் கருத்துக் கேட்டார்கள். டோலோரஸ் எழுந்தாள்.

"எங்க நிலவறைய ஒரு தடவ வந்து பாருங்க சார். குழாயத் தொறந்தா ஒரு தித்திப்பு வாசன வருது. எங்க தண்ணியையும் கொஞ்சம் டெஸ்ட் பண்ணுங்க."

மாநில அதிகாரி பதில் சொல்லுமுன் வெண்டல் எழுந்தான். கையில் ஒரு கண்ணாடிக் குவளை.

"இது என் வீட்டுத் தண்ணி. அம்பு என் வீட்டப் பாத்துதான் போகுது. நானே பயப்படல, டோலோரஸ் எதுக்குப் பயப்படணும்? எவனாவது தன் பொண்டாட்டிக்கு விஷத்தக் குடுப்பானா?"

ஒரே மூச்சில் குடித்து முடித்தான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் அவன் மனைவி ஆர்டிஸ் பெருமையில் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சொன்னதை அப்படியே நம்பும் நல்ல பெண். குடித்தது மேட்டுக் கிணற்றுத் தண்ணீர், அதில் ஒரு தூசும் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். அயோக்கியன்.

டோலோரஸுக்கு முத்திரை குத்திய கடிதம் வந்தது. உங்கள் வீடு அழுக்கின் பாதையில் இல்லை, சோதனை தேவையில்லை. அவள் அதைக் காந்தம் வைத்துக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்.

"அத நம்பாத டோலோரஸ். கடைல தண்ணி வாங்கு" என்றேன்.

"சீல் போட்டிருக்கே ஹாங்க். கவர்மெண்ட்டே பொய் சொல்லுமா?"

கொஞ்ச காலம் நான் அவளுக்கும் சேர்த்துக் கடையில் வாங்கி வந்தேன். ஸ்டான் என்னைக் கேலி செய்தே அதை நிறுத்தினான். பிறகு அவன் சிறுநீரகம் கெட்டு இறந்தான். தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வெண்டல் பெரிய லில்லிப் பூங்கொத்தோடு வந்து மூக்கைச் சிந்தினான். அந்தப் பூவை டோலோரஸ் அதே குழாய்த் தண்ணீரில்தான் வைத்தாள்.

போன வருடம் சட்டம் மறுபடி மாறியது. அழுக்கின் பாதையில் இருக்கும் வீட்டை விற்பதானால் அதைப் பத்திரத்தில் எழுதியாக வேண்டும் என்றார்கள். சரியாக அதே நேரத்தில் வெண்டலுக்கு வீட்டை விற்க வேண்டியிருந்தது. ஆர்டிஸுக்கு மூட்டுவலி. குளிர் ஆகவில்லை, ஃப்ளோரிடாவில் மகளோடு போய் இருக்க வேண்டும். வாங்க வந்த தம்பதி வீட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். பத்திரத்தில் வெண்டலின் சொந்த அம்பைப் பார்த்ததும் காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. அந்தச் செய்தி கேட்ட அன்று உணவகத்தில் நான் ஆப்பிள் பை இனிப்பில் இரண்டாவது துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

ஆனால் அதே சட்டத்தில் அவனுக்கு ஒரு சலுகையும் இருந்தது. இனிமேல் குழாய் இழுக்கும் செலவு மாநிலத்துடையது. அம்பைத் திருத்தவும் வழி உண்டு, மறுபக்கத்துக் கிணறு ஒன்றின் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து அதில் அழுக்கு தெரிந்தால் போதும். உண்மைக்கு விலை இருந்தவரை அதன் பக்கமே திரும்பாதவன், அது இலவசம் என்றதும் வாங்கப் புறப்பட்டான்.

ஜூலை மாத நடுப்பகல். டோலோரஸும் நானும் அவள் சமையலறையில் பீச் பழங்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். ஆர்டிஸை வெளியே காரிலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தான்.

"டோலோரஸ், உன் குழாய்லேர்ந்து ஒரே ஒரு பாட்டில் தண்ணி வேணும். டெஸ்ட்டுக்கு. உன் நல்லதுக்குத்தான்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "இவ கேட்டப்ப இந்த பாட்டில் எங்கய்யா இருந்துச்சு?"

"பழசக் கிளறாத ஹாங்க். அப்ப ரூல் வேற, இப்ப ரூல் வேற."

"தண்ணி அதே தண்ணிதானே?"

"எனக்கென்ன தெரியும்? அந்த நிபுணர் சொன்னாரு, நான் நம்பினேன். உங்கள மாதிரி நானும் ஏமாந்தவன்தான்."

டோலோரஸ் அவன் முகத்தையே பார்த்தாள். "நெசமாவே உனக்குத் தெரியாதா வெண்டல்?"

"சத்தியமாத் தெரியாது. சர்ச்ல வேணா வந்து சொல்றேன்."

அவள் முகம் இளகியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பெண்மணி யாரையும் கெட்டவன் என்று நினைக்க மாட்டாள், அதுதான் அவள் தலையெழுத்து. "பாவம், இவனையும் ஏமாத்திட்டாங்க ஹாங்க்" என்று என்னிடமே சொல்லிக்கொண்டு பாட்டிலுக்குக் கையை நீட்டினாள்.

அப்போது கதவு திறந்தது. ஆர்டிஸ், வியர்வையில் நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நேரம்ப்பா? கார்ல வெந்து செத்துடுவேன் போலிருக்கு."

"அடடா, உள்ள வா ஆர்டிஸ், மொதல்ல உக்காரு" என்று டோலோரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். குழாயைத் திறந்து, கிளாஸை விளிம்புவரை நிரப்பி அவள் கையில் கொடுத்தாள். வெண்டல் ஜன்னலோரம் இருந்த என் பக்கம் திரும்பி நின்று முறைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது கிளாஸ் ஆர்டிஸின் உதட்டில் இருந்தது.

"குடிக்காத!"

பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். கிளாஸ் தரையில் விழுந்து சிதறியது. பீச் தோல்களின்மேல் தண்ணீர் ஓடியது.

ஆர்டிஸ் தன் சிவந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என்னாச்சு வெண்டல்? தண்ணிதானே?"

அவன் காலால் கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கினான். ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள், குளிர்பெட்டியில் மஞ்சளாகிப்போன கடிதத்தைப் பார்த்தாள், பிறகு டோலோரஸை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

டோலோரஸ் அவன் கையிலிருந்த சின்ன பாட்டிலை வாங்கினாள். குழாயில் பிடித்து நிரப்பி, மூடியை இறுக்கி, ஈரத்தை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்து அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தா, எடுத்துட்டுப் போ. குழாய் வரட்டும், வீட்டையும் வித்துக்கோ."

அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொள்ளத்தான் செய்தான்.

"இதே மேஜையில எத்தன சனிக்கிழம உக்காந்திருக்க" என்றாள் டோலோரஸ். "என் ஸ்டான் கையிலேர்ந்தும் ஒரு தடவ தட்டி விட்டிருக்கலாமே, வெண்டல்."