காதில் விழாத சேதி

பச்சையப்பன் மேடையில் பதினோரு வருஷம் செத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி மூன்றாம் ஞாயிறு, அம்மன் கோயில் திடலில், ஏழரை மணிவாக்கில் அவன் சாவு. செத்த பிறகு அவனுக்கு வேலை கிடையாது. திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வேஷம் கலைக்காமல் டீ குடித்தபடி, அண்ணன் அருணகிரி மேடையில் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். வெளியே ஊர் மூக்கைச் சிந்தும். இவனுக்கு டீ தொண்டையில் இறங்காது.

புதுவாயலில் கல்கத்தா ஹைவேயை விட்டு உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் அவன் ஊர். பாதிப்பேர் நெல் வைக்கிறவர்கள். மீதிப்பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். பச்சையப்பன் இரண்டாவது ரகம். இரும்புக் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். ஆனால் ஏர் பிடித்தவனும் பஸ் ஏறினவனும் ஆடி வந்தால் ஒரே பேச்சுதான் பேசுவார்கள். நாடகம்.

அந்த நாடகத்துக்குப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. ‘நம்ம நாடகம்’ என்றால் போதும். கதையும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள். பட்டம் மூத்தவனுக்கு. இளையவன் ஆசை தாங்காமல், ஆற்றில் குளிக்கிற அண்ணனைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிட்டு, கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வான். வைத்ததும் ஒரு வாய் சோறு இறங்காது. கடைசியில் அதே ஆற்றங்கரைக்கு வந்து, கிரீடத்தைத் தண்ணீருக்கு நேரே நீட்டி, ‘வாங்கிக்கொள், வாங்கிக்கொள்’ என்று முக்கால் மணி நேரம் அழுவான். அந்தப் புலம்பலைப் பாடுகிறவன்தான் அந்த ஊரில் ராஜா. மற்றவர்கள் எல்லாம் சும்மா பவுடர் பூசினவர்கள்.

இருபது வருஷமாக அந்த இளையவன் வேஷம் அருணகிரியுடையது. நிஜத்தில் மூத்தவர் மேடையில் தம்பியாகக் கொன்றார். நிஜத்தில் தம்பி மேடையில் அண்ணனாகச் செத்தான். இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் ஊரில் இல்லை. பச்சையப்பனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

புலம்பல் முழுக்க அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கம்பெனியில் இரும்புக் கட்டைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொண்டு வாய்விட்டுப் பாடுவான். ஒருநாள் வெட்கத்தை விட்டு அண்ணனிடம் கேட்டே விட்டான்.

“ண்ணா, ஒரு வருஷம் நான் கட்டட்டுமா?”

அருணகிரி கோபிக்கவில்லை. நெல் மூட்டையில் சாய்ந்தபடி யோசித்துவிட்டுச் சொன்னார். “ஒனக்கு ராகம் நல்லா வருது பச்ச. ஆனா தொண்டையிலேர்ந்துதான் வருது. அடிவயித்துலேர்ந்து வரட்டும். அன்னிக்கு நானே குடுக்கறேன்.”

அண்ணன் சொன்னது வாஸ்தவம் என்று பச்சையப்பனுக்கே தெரிந்தது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பான். உண்மையை என்ன செய்வது? நாலு வருஷம் அதை மென்றுகொண்டே இருந்தான்.

பிறகு அருணகிரிக்குக் கிட்னி கெட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். மனிதர் பாதியாக இளைத்தார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. அந்த ஆனியில் கோயில் கமிட்டித் தலைவர் அன்புசெல்வன் பச்சையப்பனைக் கூப்பிட்டு, “இந்தத் தபா நீ கட்டு” என்றார். அண்ணன் படுத்துவிட்டார் என்ற துக்கம் பச்சையப்பனுக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் அன்றைக்கு அந்தத் துக்கம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. வீட்டுக்குப் போகிற வழியிலேயே வண்டியை ஓரம் கட்டி, வரப்பில் நின்று ஒரு தடவை முழுசாகப் பாடிப் பார்த்தான்.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாடகத்துக்கு ஒன்பது நாள் முன்னால் ஆடுகிறவர்கள் கையில் காப்பு என்று மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதன் பிறகு அவர்களுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். இடையில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. கயிற்றை அறுத்துவிட்டு வேஷத்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஊர் கெட்டிக்கார ஊர். தீட்டு சாவோடு வருவதில்லை, சேதியோடுதான் வருகிறது என்று ஒரு வழி பண்ணி வைத்திருந்தது. காதில் விழாதவரைக்கும் தீட்டு கிடையாது. அதனால் காப்புக் கட்டினவன் வீட்டில் யார் போனாலும், திரை இறங்குகிறவரை அவன் முன்னால் ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். ஒருமுறை கட்டியங்காரனுக்குச் சித்தப்பா போய்விட்டார். அது தெரியாமல் அவன் கோமாளித்தனம் பண்ண, தெரிந்த ஊர் சிரித்துக் கொடுத்தது.

காப்புக் கட்டிய ஆறாம் நாள், பச்சையப்பனின் மனைவி தமிழ்செல்வி மத்தியானச் சோறு கொண்டுவந்தவள் பள்ளிக்கூடக் கேட் அருகே நின்றபடியே சொன்னாள்.

“உங்க அண்ணன பொன்னேரி ஆஸ்பத்திரில சேத்துகிறாங்க. மூச்சு ரொம்ப வாங்குதாம். ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துடுங்க.”

“காப்பு கட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கா? நான் நிக்க சொல்லோ ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“உசுரோட கீற மனுசன பாக்கறதுக்கு இன்னா தீட்டு?”

“நாடகம் முடிஞ்சதும் நேரா அங்கதான் போவேன். மூணு நாள்தான.” சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். “இத்த நீயே வச்சிக்க. திரை எறங்கற வரிக்கும் எங்கிட்ட ஒண்ணியும் சொல்லாத.”

தமிழ்செல்வி போனையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பிறகு காலி டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு நாடகம். சாயங்காலம் நாலு மணி இருக்கும், ஐந்தாம் வகுப்பு அறையில் பச்சையப்பன் கண்ணாடி முன் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்தான். பாதி முகம் முடிந்திருந்தது. அப்போது ஆர்மோனியக்காரர் எபினேசர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். பொன்னேரிக்காரர், ஞாயிறு காலை சர்ச்சில் வாசித்துவிட்டு, சாயங்காலம் இந்த ஊர் நாடகத்துக்கு வாசிக்கிறவர். அருணகிரிக்கு இருபது வருஷக் கூட்டாளி. வந்த வேகத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“பச்ச, எழுந்திரு. ஒங்கண்ணன்…”

பச்சையப்பன் பாய்ந்து எழுந்து அவர் வாயைப் பொத்தினான். கையிலிருந்த சிவப்புச் சாயம் அவர் மீசையெல்லாம் அப்பியது.

“வேணா நைனா. சொல்லாத. திரை எறங்கட்டும்.”

“யோவ், சொல்றத கேளுயா…”

“எதுவா இருந்தாலும் அப்புறம். நான் இப்ப எங்கியும் வரமாட்டேன். கேக்கவும் மாட்டேன்.”

அதற்குள் அன்புசெல்வன் ஓடிவந்து எபினேசரின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். “இன்னாபா நீ, இத்தினி வருஷம் வாசிக்கிற, எங்க வழக்கம் தெரியாதா?” என்று அவர் வராந்தாவில் கடிந்துகொள்வது கேட்டது. எபினேசர் ஓரமாகப் போய் யாருக்கோ போன் பண்ணினார். வாயைத் துடைத்துக்கொண்டு மேடைப் பக்கம் போய்விட்டார்.

பச்சையப்பன் திரும்ப வந்து உட்கார்ந்தான். அண்ணன் போய்விட்டார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் சொல்லவில்லையே. காதில் விழவில்லையே. கயிறு கையிலேயே இருந்தது. போனவர் போய்விட்டார், இப்போது ஓடினால் மட்டும் எழுந்து உட்காரப் போகிறாரா, திரை இறங்கியதும் போய் விழுந்து புரண்டு அழுதுகொள்ளலாம் என்று தனக்குத்தானே நியாயம் சொன்னான். அந்த நியாயத்தை நம்பவும் செய்தான். மீதிப் பாதி முகத்தையும் பூசி முடித்தான்.

அன்றைக்கு அவன் பாடின புலம்பலை ஊர் இன்றைக்கும் பேசுகிறது. கிரீடத்தைக் கையில் ஏந்தி, ‘எழுந்து வா அண்ணா, இந்தப் பாரம் எனக்கு வேண்டாம்’ என்று அவன் எடுத்த எடுப்பிலேயே முன்வரிசைப் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போனை இறக்கிவிட்டார்கள். விசில் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு அழுகையை அண்ணனுக்குக்கூட இந்த ஊர் கொடுத்ததில்லை. குரல் அடிவயிற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவனே அதை உணர்ந்தான். ‘வந்துடுச்சு ண்ணா’ என்று மனசு துள்ளியது. அந்தத் துள்ளலைத்தான் பிற்பாடு அவனால் மன்னிக்கவே முடியவில்லை.

திரை இறங்கியதும் அன்புசெல்வன் வந்து கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினார். “பச்ச, மனச தேத்திக்க. அண்ணன் பூட்டாருபா. ஊருக்கே தெரியும். ஒனக்குதான் தெரியாது.” ஊர் அழுதது தன் பாட்டுக்காக அல்ல என்பது பச்சையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போது போனார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் கேட்கிறமாதிரி கேட்க வேண்டும். அதற்கு அவனிடம் தெம்பு இல்லை. வேஷத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை, புதுவாயல் கூட்ரோட்டில் மாலை வாங்கப் போனவன் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தான். சிரித்தபடி இருந்த அண்ணன் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்தார்கள்: ‘நேற்று மாலை 6.20 மணியளவில்.’

ஆறு இருபதா?

மாலைக்காரி இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. ஆறு இருபதுக்கு அவன் மேடையில் முதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். எபினேசர் வந்தது நாலு மணிக்கு. பொன்னேரி இருபது நிமிஷம். அப்படியானால் நாலு மணிக்கு அண்ணன் உயிரோடு இருந்தார். எபினேசர் கொண்டுவந்தது சாவுச் சேதி இல்லை. வேறு என்ன?

அதைக் கேட்கத்தான் அவனுக்குத் தைரியம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு எபினேசர் வந்தபோது பந்தல் பின்பக்கமாக நழுவினான். அவரும் அவனைத் தேடிவந்து பேசவில்லை. ஊரோ அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. “பாவம், கூடப்பொறந்தவரு போனது தெரியாம ஆடுனான்” என்று டீக்கடையில் அவன் காதுபடவே உருகினார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்விடுவான். அண்ணி சந்திரகலா வீட்டுக்கு வாரம் ஒருதரம் போய், உரம், தண்ணீர், அறுப்பு என்று நிலத்து விஷயம் பேசுவான். அண்ணி காபி கொடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். துக்கம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

வருஷம் ஓடி அடுத்த ஆனி வந்தது. கமிட்டி வீட்டுக்கு வந்து, “நீதான் ராஜா, இனிமே வேற யாரு?” என்றது. பச்சையப்பன் நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, நேராக அண்ணி வீட்டுக்குப் போனான். சந்திரகலா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியில் உட்காரவில்லை. கீழே அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“அண்ணி, நாடகத்தன்னிக்கு எபினேசர் எங்கிட்ட வந்தாரு. சொல்ல வந்தத சொல்லவுடாம வாய பொத்திட்டேன். அண்ணன் பூட்டாருன்னு சொல்லத்தான் வந்துகிறாருன்னு நெனச்சிக்கினேன். கேட்டா வேஷம் பூடும்னு… அதான் பொத்திட்டேன்.”

முறம் நின்றது. சந்திரகலா முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“பூட்டாருன்னா நெனச்ச?” என்றாள். “எபினேசர் போன் பண்ணி, ‘வரமாட்டேன்றான் சந்திரா’ன்னாரு. கூப்ட்டும் வரமாட்டேன்னுட்டான்னுதான் நான் ஒரு வருஷமா நெனச்சிக்கினு கீறேன்.”

“அண்ணன் கூப்ட்டாரா?”

“கூப்ட்டாரு.”

“இன்னாத்துக்கு அண்ணி?” அண்ணன் திட்டக் கூப்பிட்டிருக்கலாம், நிலத்தைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டிருக்கலாம், பிள்ளைகளை ஒப்படைக்கக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு வருஷமாக எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருந்தான்.

“ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஒன்ன வேஷத்தோட பாக்கணும்னாரு. ‘பாதி வேஷம் போட்டிருந்தாலும் பரவால்ல, அப்படியே இட்டுக்கினு வா, ஒரு தபா பாத்துட்டு அஞ்சு மணிக்கெல்லாம் திருப்பி அனுப்பிடறேன், நாடகத்துக்கு லேட்டாவக் கூடாது’ன்னு எபினேசர வண்டி எடுக்கச் சொன்னாரு.”

பச்சையப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். போயிருக்கலாம். பார்த்துவிட்டு வந்து ஆடியும் இருக்கலாம். இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எபினேசர் வாயைப் பொத்தின கையாலேயே அதில் ஒன்றைத் தட்டிவிட்டிருந்தான். அவன் அழுத சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண்கூட வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சந்திரகலா முறத்தைத் தள்ளி வைத்தாள். அவன் ஓயட்டும் என்று காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்.

“நீ வரமாட்டேன்னத நான் அவருகிட்ட சொல்லல தம்பி. வந்துக்கினே கீறான்னேன். கதவையே பாத்துக்கினு இருந்தாரு. ஆறு மணிக்கு மேல கண்ணு தெரியல. ‘எபினேசர் வண்டி சத்தம் கேக்குதா’ன்னாரு. கேக்குதுன்னு சொன்னேன்.”