தவிட்டுக்குப் போன பிள்ளை

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு கிராமக் கிளினிக்கில் தாதியாக வேலைக்குச் சேர்ந்தேன். பிரசவித்த பெண்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, தொப்புளைத் துடைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். பெற்றவளே தனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அப்படிச் சொன்னவள் சரோஜா, எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் குடியிருந்தவள். மாதா மாதம் என் கிளினிக்குக்கு வந்தவள்தான். ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பெற்று வீடு திரும்பிவிட்டாள் என்று தகவல் வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பாயில் தனியாகப் படுத்திருந்தாள். குழந்தை எங்கே என்று கேட்டேன்.

"எனக்கு ஏது மிஸ்ஸி புள்ள?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைப் பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் பறிகொடுத்தவள் அவள். இதுவும் போய்விட்டதா? அப்போது பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. போய்ப் பார்த்தால், அஞ்சலை என்ற நடுவயதுக்காரி மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். தான் வாங்கிய பிள்ளை என்றாள், கடையில் மீன் வாங்கியதைச் சொல்வதுபோல. போலீசிடம் போவதா, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் போவதா என்று விளங்காமல் நின்றேன். நான் கிள்ளானில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். லயத்து வழக்கம் எதுவும் எனக்குத் தெரியாது.

அஞ்சலைதான் விளக்கினாள். பிள்ளை தங்காத வீட்டில், அடுத்ததை ஒரு முறம் தவிட்டுக்கு இன்னொருத்தியிடம் கொடுத்துவிடுவார்களாம். பெற்றவளுக்குச் சொந்தமில்லை என்றால் எமன் தேடி வரமாட்டானாம். சரோஜா வந்து பால் கொடுக்கலாம், ஆனால் வாய் தவறிக்கூட மகன் என்று சொல்லக் கூடாது. கேட்டதும் என் குழப்பம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். உள்ளங்கால்வரை மஞ்சள். காலையிலிருந்து பாலும் சரியாகக் குடிக்கவில்லையாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அஞ்சலை தயாராகிவிட்டாள். ஆனால் அவளிடம் பால் ஏது? சரோஜாவிடம் ஓடினேன்.

"நான் கூடப் போனா என் புள்ளன்னு ஆயிடும் மிஸ்ஸி. அப்புறம் இதுவும் தங்காது" என்று அழுதாள்.

காமாலையைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அதட்டினேன், கெஞ்சினேன். அவள் அசையவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்குள் அஞ்சலை சொல்லியனுப்பிய தோட்டத்து வேன் வந்து வாசலில் நின்றது. கடைசியில் என்ன தோன்றியதோ, இப்படிக் கேட்டேன்:

"அஞ்சலை அக்கா புள்ளைக்குப் பால் குடுக்க ஆள் இல்ல சரோஜா. நீங்க கொஞ்சம் கூட வர்றீங்களா?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் வேனில் ஏறிவிட்டாள்.

வார்டில் தாய் யார் என்று கேட்டார்கள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேரும்தான் என்றேன். அங்கிருந்த தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காமாலை இறங்க, குழந்தையை நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். சரோஜா கண்ணாடிக்கு வெளியே நின்று, "அக்கா புள்ள பொழச்சிடும்ல மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

பிழைத்துக்கொண்டான். அன்று வார்டில் நான் சொன்னது பொய்யா, மெய்யா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. புதிதாக வேலைக்கு வரும் தாதிகளிடம் ஒன்று மட்டும் சொல்வேன். பிள்ளை யாருடையது என்பதை அந்த வீட்டுக்காரர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். பால் குடித்ததா என்று நீங்கள் கேளுங்கள்.