கப்பல்காரருடன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

1987 தை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையத்திலிருந்து எங்கள் பேண்டேஜ் கம்பெனி முதலாளியின் அம்பாசிடரில் கிளம்பினோம். பின் இருக்கையில் ஸ்காட்லாந்துக் கப்பல்காரர். ஓட்டியவர் செல்லையா அண்ணன், பட்டாளத்தில் இங்கிலீஷ் பழகியவர். அவர் பக்கத்தில் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை முதலாளி அனுப்பியது, ஸ்ரீவில்லிபுத்தூர் என் சொந்த ஊர் என்பதால்தான். பதினோரு கிலோமீட்டர். கோபுரத்தைக் காட்டி, பால்கோவா வாங்கிக் கொடுத்து, மதியத்துக்குள் திரும்ப வேண்டும்.

எங்கள் துணியை இறுக்கிக் கட்டிய பொதிகள், பேல்கள் என்போம், அவருடைய கப்பலில்தான் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பேலிலும் கொக்கிப் படம் போட்டு, குறுக்கே கோடு அடிப்பது என் வேலை. கொக்கி போட்டு இழுக்காதே என்று அர்த்தம். மை காய்ந்ததும் அதே பேலைக் கொக்கி போட்டு லாரிக்கு இழுப்பவனும் நான்தான். கையால் தூக்கினால் நேரமாகும்.

இடப்பக்கம் மலை கூடவே வந்தது. கப்பல்காரர் தன் கதையைச் சொல்ல, அண்ணன் தமிழில் சொல்லிக்கொண்டே ஓட்டினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். ஒரு பழைய கப்பலில் தொடங்கி ஆறு கப்பலுக்கு முதலாளியானார். பிறகு நகர்மன்றத் தலைவர். ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டினார். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் பேல்களில் கிழிசல், உள்ளே உப்புத்தண்ணீர். தன்னோடு மூட்டை தூக்கிய சிநேகிதன்தான் கப்பலிலிருந்து இறக்கும்போது கொக்கி போட்டான் என்று அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

"நான் போடலன்னு அவன் கடைசிவரைக்கும் சொன்னானாம். அதான் பேல் எங்க கிழியுதுன்னு இம்புட்டுத் தூரம் பாக்க வந்திருக்காரு," என்றார் அண்ணன்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்கெல்லாம் கோபுரம். தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் வெகுநேரம் அண்ணாந்து நின்றார். பிறகு பால்கோவா, அரைக்கிலோ பதினான்கு ரூபாய். கடைக்காரர் கட்டிய சணலில் விரலைக் கோத்துத் தூக்கினேன், காகிதம் கிழிந்தது. கப்பல்காரர் சிரித்தபடி பொட்டலத்தை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக் காட்டினார்.

"இப்படித் தூக்க அந்தச் சிநேகிதன்தான் பழக்குனானாம்," என்றார் அண்ணன்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அண்ணே, கொக்கி போட்டது நாந்தான்னு சொல்லிருங்க."

"ஏலே, பிள்ளகுட்டிக்காரன். பேசாம வா."

மறுபடியும் கெஞ்சினேன். அண்ணன் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கப்பல்காரர் என் தோளில் தட்டிச் சிரித்தார். அண்ணன் வேறெதையோ சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. நான் ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல வளைத்து, கிழிந்த காகிதத்தில் மாட்டி இழுத்தேன். பிறகு அதே விரலை என் நெஞ்சில் வைத்தேன்.

சிரிப்பு நின்றது. திரும்பி வந்த பதினோரு கிலோமீட்டரும் அவர் பொட்டலத்தின் கிழிசலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பெனி வாசலில் இறங்கியதும் அவர் தன் நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"ஒம் பேரை எழுதணுமாம்லே. அந்தச் சிநேகிதன்கிட்டக் காட்டி மன்னிப்புக் கேக்கப் போறாராம்," என்றார் அண்ணன்.

எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதினேன். நான் அச்சடித்த கொக்கிகள் எத்தனையோ கடல் தாண்டியிருக்கின்றன. என் பெயர் போனது அந்த ஒருமுறைதான். எதற்காகப் போனது என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.