சித்திக்குப் பொருந்திய நாய்

அடுத்த ஃபிளாட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நாய்க்குட்டி ஒன்று முனகியது. "நாமளும் ஒண்ணு வளக்கலாம்மா" என்றாள் மகள். எனக்கு லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த சித்தி நினைவுக்கு வந்தாள்.

சித்தி நர்ஸ். பக்கத்து வீட்டம்மா கொடுத்த குட்டியை மடியில் வைத்துப் பால் புகட்டினாள். ஆஸ்பத்திரி வாசனை வீசும் அவள் புடவையைக் கவ்வியபடியே அது தூங்கிவிட்டது. அதை இறக்கிவிட அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும், "நக்கோ, வேணாம் அக்கா, நான் டியூட்டிக்குப் போனா நாள் பூரா அழும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு, மாற்றலாகிப் போன குடும்பம் விட்டுச்சென்ற கிழட்டு நாயைக் கூட்டிவந்தாள். பகலெல்லாம் அது தூங்கும். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் வாலாட்டிக்கொண்டு எழுந்து வரும்.

இதைச் சொன்னதும் மகள் யோசித்தாள். "வயசான நாய்ங்க எங்கம்மா கிடைக்கும்?"